முந்நூறு சொற்களுக்கு மிகாமல்

கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு சுகந்தி மேம் விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். ‘ஹானர்ஸ் வகுப்பில் சேர விரும்புவது ஏன்? முந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக.’ நேரம் நாற்பது நிமிடம், இரண்டரையிலிருந்து மூன்று பத்து வரை. தமிழிலும் எழுதலாம், இங்கிலீஷிலும் எழுதலாம், எதில் எழுதினாலும் கையெழுத்து புரிய வேண்டும் என்று மேம் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். காலியாக இருப்பது ஒரு இடம். எழுத வந்திருப்பது ஒன்பது பேர். உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு எழுபது பேரில் இந்த ஒன்பது பேருக்குத்தான் அந்த இடத்தின் மேல் ஆசை வந்திருக்கிறது, செத்துப்போனவளின் இடம் என்று தெரிந்தே வந்திருக்கிறது. தானும் அதில் ஒருத்தி என்று மஞ்சரி நினைத்தாள், நினைத்துவிட்டு அந்த நினைப்பை அப்படியே விட்டாள், எச்சில் துப்ப இடமில்லாதபோது விழுங்கிக்கொள்வதுபோல. தாளைக் கொடுப்பதற்கு முன்னால் மேம் அட்டென்டன்ஸ் எடுத்தார். ஒன்பது பேருக்கு எதற்கு அட்டென்டன்ஸ், தலையை எண்ணினால் ஆகாதா, ஆனால் இந்தக் கல்லூரியில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைக்கூட ரோல் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மேம் தலையைத் தூக்காமல் “தேர்ட்டி செவன்” என்றார். மஞ்சரி “எஸ் மேம்” என்றாள். சொன்ன பிறகு, வெளியே வந்தது தன் குரல்தானா என்று காதுக்குள் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள். தன் குரல்தான், கொஞ்சம் கரகரத்த, ஆம்பளைக் குரல் என்று அம்மாவே கேலி செய்யும் குரல். மேம் பட்டியலில் ஒரு சாய்கோடு இழுத்தார். வந்தவர்களுக்குச் சாய்கோடு, வராதவர்களுக்கு ஆங்கில ‘ஏ’. ஒரு மாதமாக அவள் இப்படித்தான் வாழ்கிறாள், முதலில் பேசுவது, பிறகு பேசியது யார் என்று பார்ப்பது.

‘நான் ஹானர்ஸ் வகுப்பில் சேர விரும்புவதற்குப் பல காரணங்கள் உள்ளன’ என்று எழுதினாள். அசட்டு வாக்கியம். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, ‘சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்’ என்று ஆரம்பித்து, சிறு வயதில் தனக்கு எதில்தான் ஆர்வம் இருந்தது என்று யோசித்தாள். புளியங்காயில் இருந்தது. மின்விசிறி தலைக்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்றது. ஏப்ரல் வெயில் சன்னல் கம்பிகளை பெஞ்சின் மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தது, அவள் முழங்கை ஒரு கம்பியில் கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை. ஹானர்ஸ் என்பது மூன்றாம் ஆண்டிலிருந்து தனி வகுப்பு, நான்காம் ஆண்டு ஆராய்ச்சி, பன்னிரண்டு பேருக்கு மட்டும். அந்தப் பன்னிரண்டு பேரைப் பிப்ரவரியிலேயே எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள், நாலாவது பெயர் அவள் அறைத் தோழி மெஹருன்னிசா. அன்று மாலையே மெஹர் அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், வந்து கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ரிப்பன் வெட்டித் திறந்து வைத்த மந்திரி மாதிரி பேசினாள். பெஞ்சே கிடையாதாம், ஒரே ஒரு நீள மேசை, சுற்றிப் பன்னிரண்டு சுழல் நாற்காலி, அவள் எல்லாவற்றிலும் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாளாம். அட்டென்டன்ஸே எடுக்க மாட்டார்களாம், பன்னிரண்டு முகத்தில் ஒரு முகம் இல்லையென்றால் வாத்தியாருக்கே தெரிந்துவிடுமாம். நீ ஏன்டி எழுதிப் போடல என்று கேட்டாள். மஞ்சரி அப்போது எழுதிப் போடவில்லை, மூன்று வருஷம் படிப்பதே பெரிய சங்கதி, நாலாவது வருஷம் யாருக்கு வேண்டும் என்று இருந்துவிட்டாள். “என்ன, அங்க ப்ராக்ஸி போட முடியாது, அது ஒண்ணுதான்டி குறை” என்று மெஹர் சொன்னாள், சொல்லிச் சிரித்தாள். இப்போது மஞ்சரிக்கு அந்த ஒரு குறைதான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், மேசை வேண்டாம், சுழல் நாற்காலி வேண்டாம், ஆராய்ச்சி வேண்டாம். தினமும் காலை எட்டு ஐம்பதுக்கு, தேர்ட்டி சிக்ஸ், தேர்ட்டி செவன், அப்புறம் மெஹரின் எண் இருந்த இடத்தில் ஒரு மூச்சு, அப்புறம் தேர்ட்டி நைன். அந்த ஒரு மூச்சைக் கேட்காமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் சேர விரும்புகிறேன் என்று எழுதினால் ஏழு சொல்கூட ஆகாது, மிச்சத்தை எதை வைத்து நிரப்புவது.

ப்ராக்ஸி என்றால் வராதவளுக்காக அவள் குரலில் ‘எஸ் மேம்’ சொல்வது, மெஹரின் குரல் கஷ்டமே இல்லை. மெல்லிய குரல், ‘எஸ்’ஸைச் சுருக்கி ‘மேம்’மைக் கொஞ்சம் இழுப்பாள், ஊதுவத்திப் புகை மேலே போவதுபோல முடிவில் சற்று ஏறும். முதல் வருஷத்திலேயே மஞ்சரி அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். மெஹருக்கு இவளுடைய கரகரப்பு கடைசி வரை வரவில்லை, தொண்டையில் மீன் முள் மாட்டியவள்போல எதையோ செய்வாள், வகுப்பே சிரிக்கும், ஆனாலும் எப்படியோ சாய்கோடு விழுந்துவிடும். விடுதியில் அறைத் தோழி என்றால் பற்பசையும் பங்கு, ஊறுகாயும் பங்கு, ப்ராக்ஸியும் பங்கு, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது. மார்ச் பதினொன்றாம் தேதியும் அப்படித்தான். மெஹர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், மாதாமாதம் வருகிற வலிதான். “முதல் ஹவர் மட்டும் போட்ருடி. ரெண்டாவதுக்கு வந்துர்றேன்.” சரி என்று சொல்லிவிட்டு மஞ்சரி தலையை வாரிக்கொண்டே கிளம்பிவிட்டாள். சன்னல் திண்டில் பஞ்சு கிடந்தது. பஞ்சைப் பார்த்தாளா, இல்லை பிறகு பார்த்த பஞ்சை அந்தக் காலையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாளா, அதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. பஞ்சு என்றால் ஊசி போட்டாகிவிட்டது என்று அர்த்தம். ஒன்பது வயதிலிருந்து மெஹருக்கு இன்சுலின், காலையில் ஏழரைக்கு விடுதி மேட்ரன் லூர்து அக்காவின் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வந்து போட்டுக்கொள்வாள், போட்டுக்கொண்டால் கால் மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். பத்து நிமிஷம் படுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று படுத்திருப்பாள். ‘சாப்டியா’ என்று மஞ்சரி கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்காதவர் யார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிற கிழவி கேட்பாள், அத்தை போனில் பேச்சை அதில்தான் ஆரம்பிப்பாள், கழிவறை கழுவ வருகிற அக்கா கேட்பாள், சண்டை போட்டுப் பேசாமல் இருந்த மூன்று நாளும் மெஹரிடம் இவளே சுவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ஒரு நாள் கேட்கவில்லை. ரப்பர் பேண்டைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து பெஞ்சுப் பெண் தாளைத் திருப்பினாள், அதற்குள் ஒரு பக்கமா. மஞ்சரி தன் தாளைப் பார்த்தாள், இரண்டு வரி. மேம் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் எதையோ திருத்துகிற மாதிரி குனிந்திருந்தார், அவர் பார்வை அவ்வப்போது மஞ்சரி மேல் வந்து தங்கிவிட்டுப் போவது நெற்றியில் தெரிந்தது. முதல் ஹவர் போட்டால் போட்டதுதான், அதோடு விட முடியாது, அதுதான் இங்கே வில்லங்கம். முதல் ஹவர் வந்தவள் இரண்டாம் ஹவரில் இல்லையென்றால் அது ‘ஹவர் கட்’, வீட்டிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், துருவினால் ப்ராக்ஸியும் வெளியே வரும், போட்டவளுக்கும் சேர்த்து. அதனால் ஒரு ஹவர் போட்டவள் மதியம் வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எழுபது பேருக்கும் இது பல் தேய்ப்பதுபோல் பழக்கம். முதல் ஹவர் அவள் கேட்டது. இரண்டாவது ஹவர் அவள் கேட்காதது. இரண்டாவதை யாருக்காகப் போட்டாய் என்று தனக்குள்ளேயே ஒரு வக்கீல் எழுந்து நின்று கேட்கிறான், அவன் உட்காருவதே இல்லை. அந்த இரண்டாவது ஹவரில் குளுக்கோஸ் நடத்தினார்கள். ஆறு கார்பன், வளையம், எந்தப் பக்கம் எந்தக் கை என்று. மஞ்சரி அதை இரண்டு தடவை வரைந்தாள், தன் நோட்டில் ஒன்று, தனித் தாளில் மெஹருக்கு ஒன்று, எப்போதும் எதையும் அப்படி இரண்டாக எழுதித்தான் பழக்கம். மெஹருக்கு வரைந்தது இன்னும் அழகாக வந்தது. அந்த நேரத்தில் அறுபத்து மூன்றாம் அறையில் அவள் உடம்பில் அது தீர்ந்துகொண்டிருந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது, சொன்னால் கதை மாதிரி இருக்கும், ஜோடித்தது என்பார்கள். முதல் ஹவர் முடிந்ததும் ஒவ்வொரு துறையிலிருந்தும் வராதவர்கள் பெயர் ஒரு துண்டுச் சீட்டில் விடுதிக்குப் போகும், ஒன்பதே முக்காலுக்கு லூர்து அக்கா அந்தச் சீட்டும் கையுமாகப் படி ஏறுவாள், கதவைத் தட்டி, ஏன் புள்ள காலேஜுக்குப் போகல, காய்ச்சலா, என்று கழுத்தில் கைவைத்துப் பார்ப்பாள். அன்று அந்தச் சீட்டில் மெஹர் பெயர் இல்லை. அவள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ‘எஸ் மே…ம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, எப்படி இருக்கும்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் போனபோது போர்வை நனைந்திருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம், முதலில் மஞ்சரிக்குக் கோபம்தான் வந்தது, அடிப்பாவி இன்னுமா தூங்குகிறாய் என்று. அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, வரிசை இல்லை. லூர்து அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளைத் தோளில் தூக்கியது. கல்லூரி வேன் டிரைவர் சாப்பிடப் போயிருந்தது. ஆட்டோவில் மெஹரின் கால் வெளியே தொங்கியது, செருப்பு இல்லாத கால், வெள்ளிக் கொலுசு. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒருத்தி, கடுகடுவென்று இருந்தவள், ஏதோ சாமான் கணக்குச் சொல்வதுபோல, “ஒரு ரெண்டு மணி நேரம் முன்ன கொண்டாந்திருந்தா எந்திரிச்சு உக்காந்து காப்பி குடிச்சிருக்கும்மா” என்றாள். இரண்டு மணி நேரம் முன்னால் என்றால் பதினொன்று, மூன்றாவது ஹவர், அப்போதும் ஒரு தடவை எஸ் மேம். விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. மறுவாரம் பெட்டி எடுக்க மெஹரின் அத்தா வந்திருந்தார். மடித்த துணிகளை மறுபடி மறுபடி மடித்தார், தகரப் பெட்டியை மூடியவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் வகுப்பில் இருந்ததாக ஒருத்தர் சொல்கிறார், இல்லை என்று ஒருத்தர் சொல்கிறார், எது நிசம் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றார். பிறகு மஞ்சரியைப் பார்த்து, “நீ அவ பக்கத்துலயே உக்கார்ற புள்ளதானம்மா. அன்னிக்கு அவ கிளாஸுக்கு வந்தாளா?” என்று கேட்டார். “வரல அங்கிள்.” அது பொய் இல்லை. அதைவிட உண்மையான ஒரு வார்த்தையை அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவர் தலையாட்டிக்கொண்டார், “அப்ப அந்த மேட்ரனம்மா வந்து பாத்திருக்கணுமே” என்று தனக்குத்தானே சொன்னார். அந்த இடத்தில் மஞ்சரி வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தாள். தண்ணி குடிக்கிறீங்களா அங்கிள் என்று கேட்டாள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது, இரண்டு நாள், கதவைச் சாத்திக்கொண்டு. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். சாய்கோடு ஒரு பாவப்பட்ட குறி, அதற்கு இன்னொரு கால் போட்டு நடுவில் ஒரு குச்சி வைத்தால் ‘ஏ’ ஆகிவிடும், வேலை முடிந்தது. முப்பத்தெட்டாம் எண்ணுக்கு எதிரே, பதினொன்றாம் தேதிக்குக் கீழே, மூன்று ஹவருக்கும் மூன்று ‘ஏ’. ஆக பெண் வகுப்புக்கு வரவில்லை, பெயர் சீட்டில் போயிருக்கும், மேட்ரன்தான் பார்க்கவில்லை. சீட்டு எங்கே என்று கேட்டதற்கு லூர்து அக்கா, தினமும் குப்பைக்கூடையில் போடுகிறதைப் போல அன்றும் போட்டேன் என்றாள், வேறு என்ன சொல்வாள். துறையில் வைத்திருக்கிற நகலை, பதிவேட்டுக்கும் சீட்டுக்கும் பொறுப்பான சுகந்தி மேம் காட்டினார், அதில் பெயர் இருந்தது. இது எதுவும் அப்போது மஞ்சரிக்குத் தெரியாது. தெரிந்தது வாய் தவறிய ஒரு நாளுக்கு மறுநாள்தான். துக்க விடுமுறை முடிந்து முதல் நாள், சுகந்தி மேம் பதிவேட்டைப் பார்க்காமல் பழக்கத்தில் கடகடவென்று எண் சொல்லிக்கொண்டே போனவர், தேர்ட்டி செவன், தேர்ட்டி எய்ட் என்றுவிட்டார். “எஸ் மே…ம்.” மெல்லிய குரல், முடிவில் சற்று ஏறி. எழுபது பேரும், இல்லை அறுபத்தொன்பது பேரும், மூச்சை நிறுத்திவிட்டார்கள். முன்னால் ஒருத்தி வீறிட்டு அழுதாள். மஞ்சரியும் எல்லாரையும்போல் திரும்பிப் பார்த்தாள், யார் சொன்னது என்று. தன் உதடு இன்னும் மூடாமல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. சுகந்தி மேம் ஒருத்தர்தான் சுற்றிப் பார்க்கவில்லை, நேராக அவளையே பார்த்தார். மறுநாள் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை, மேசையில் பதிவேடு திறந்திருந்தது, தலைகீழாகப் படித்தாலும் ‘ஏ’ தெரிகிறது, முதல் கால் நீல மை, மற்றது கறுப்பு. மேம் அதை மூடவில்லை, இருவருமே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். “ஹானர்ஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு மஞ்சரி. எழுதிப் போடு. உனக்குத்தான் கிடைக்கும்.” பிறகு, “எனக்கு ஜூன்ல வேலைய நிரந்தரம் பண்றாங்க. ஆறு வருஷமா காத்திருக்கேன். ரெண்டு பேரும் நம்ம வேலைய பாப்போம், என்ன?” என்றார். அவர் கண் சிவந்திருந்தது. கெட்டவர் என்று நினைத்தால் சுலபமாக இருக்கும், ஆனால் மெஹருக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். மஞ்சரி தலையாட்டினாள். ஆட்டிய தலை, இப்போது இந்தத் தாளுக்கு மேல் குனிந்திருக்கிற இதே தலை.

இருபது நிமிஷம் ஆகிவிட்டது என்று மேம் சொன்னார். வியர்வையில் தாள் மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ‘சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்’, முற்றுப்புள்ளி. ‘நோய்களுக்கு மருந்து கண்டுபிடித்து’ என்று எழுதி, மருந்து என்ற சொல்லில் நின்றுவிட்டாள். மருந்து பெட்டியில் இருக்கிறது, தன்னுடைய பெட்டியில், தாவணிகளுக்கு அடியில். வேலையை விட்டு நீக்கி அனுப்பிய அன்று லூர்து அக்கா கொடுத்துவிட்டுப் போன இன்சுலின் பேனா. பதினெட்டு வருஷம் விடுதியில் இருந்தவளுக்கு ஒரு கட்டைப்பையும் ஒரு மாதா படமும்தான் சாமான், அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, மஞ்சரி இருக்கிற அறை வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. “இது அந்தப் புள்ளயோடது. அவுங்க அத்தா எடுக்காம போயிட்டாரு. எங்க போடுறதுன்னு தெரியல, நீயே வச்சுக்க” என்று கொடுத்தாள். அத்தோடு போயிருக்கலாம். போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் எல்லாரிடமும் அவள் சண்டை போட்டாள், சீட்டில் பெயர் இல்லை, இல்லவே இல்லை, மாதா மேல் ஆணை என்று. அன்று அந்தச் சண்டைக் குரல் இல்லை. “நான் மூணு தடவ பாத்தேன்மா. சீட்டுல பேரு இல்ல. இல்லன்னுதான் நெனச்சேன். இப்ப எல்லாரும் சொல்லச் சொல்ல, இருந்துச்சோ, என் கண்ணுக்குத்தான் தப்பிருச்சோன்னு இருக்கு. நான் கொன்னுட்டேனாம்மா அந்தப் புள்ளய?” மஞ்சரி இல்லக்கா, இல்லக்கா என்றாள், எல்லாரும் சொல்வதுபோல, ஆறுதலுக்குச் சொல்வதுபோல. அக்காவுக்கும் அது ஆறுதலாகத்தான் கேட்டது, ஆறுதல் சொல்கிற அளவுக்குத் தன் மேல் தப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருப்பாள். நத்தத்துக்குப் பக்கத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாளாம் இப்போது. அரிசியில் கல் பொறுக்கப் பயப்படுகிறாளாம், தனக்குக் கண் தெரியவில்லை என்று முறத்தைத் தங்கச்சியிடமே தள்ளிவிடுகிறாளாம். சமையல்கார அக்கா போன வாரம் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னது. கேட்ட பிறகும் மஞ்சரி அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டாள், இன்னொரு கரண்டியும் வாங்கினாள், அது நினைவிருக்கிறது.

அந்த மேசைக்குப் போய்விட்டால் என்ன ஆகும். பன்னிரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்காருவாள், எது மெஹர் உட்கார்ந்து சுற்றியது, எல்லாவற்றிலும்தான் சுற்றினாளாமே, ஆகவே எதில் உட்கார்ந்தாலும் அதுதான். யாரும் எண் சொல்ல மாட்டார்கள். தேர்ட்டி செவன் என்று ஒருத்தி இனி இல்லை. முகத்தைப் பார்த்து வாத்தியார் தெரிந்துகொள்வார், மஞ்சரி வந்திருக்கிறாள். பார்க்கட்டும், மற்ற பதினோரு பேரும் பார்க்கட்டும், எழுபது பேருக்கு நடுவில் ஒளிந்திருந்தது போய் பதினோரு முகத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார வேண்டும். அங்கே அந்த மூச்சு கேட்காது என்று யார் சொன்னார்கள். காலையில் எட்டு ஐம்பதுக்கு அது எங்கே இருந்தாலும் வரும், கல்யாணமாகி அடுப்படியில் நின்றாலும், எந்த ஊர் ஆபீசில் உட்கார்ந்தாலும், தேர்ட்டி செவன், ஒரு மூச்சு. பயமாக இருந்தது, பேனா விரலில் வழுக்கியது. நத்தத்தில் ஒருத்தி கல் பொறுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். மெஹருக்கு இனி யாரும் எதுவும் செய்ய முடியாது, அவள் அத்தாவுக்குச் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, தனக்கு வேண்டியது எதுவோ அது கிடைக்கப் போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் லூர்து அக்காவின் கண் நன்றாக இருக்கிறது. அது ஒன்று இந்த உலகத்தில் மஞ்சரிக்கு மட்டும் நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அதை வைத்துக்கொண்டு இங்கே அறிவியலில் ஆர்வம் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கையைத் தூக்கி, “மேம், அடிஷனல் ஷீட்” என்றாள். மேம் முகம் மலர்ந்தது, பாவம், எழுந்து வந்து தாளை வைத்துவிட்டுத் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். மஞ்சரி முதல் தாளின் மூன்று வரியையும் அடித்தாள். கீழே எழுத ஆரம்பித்தாள். மார்ச் பதினொன்று செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டாம் எண்ணுக்கு மூன்று ஹவரும் வருகை சொன்னது நான் என்று எழுதினாள். முதல் ஹவர் அவள் கேட்டாள், மற்ற இரண்டும் நானாகச் சொன்னது என்று எழுதினாள். அதனால் விடுதிக்குப் போன சீட்டில் அவள் பெயர் இருந்திருக்க முடியாது, மேட்ரன் மேல் தவறு இல்லை. பதிவேட்டைப் பற்றி எழுதலாமா என்று பேனா நின்றது, மேம் தலை குனிந்து திருத்திக்கொண்டிருந்தார், வகிட்டில் இரண்டு நரை. பதிவேட்டில் மை இரண்டு நிறமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினாள். ஹானர்ஸ் வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுக்க மாட்டார்கள் என்பதால் சேர விரும்பினேன் என்று கடைசி வரி. எண்ணிப் பார்த்தால் நூறு சொல்கூட வரவில்லை. பிறகு அடிஷனல் ஷீட்டை இழுத்து, எல்லாவற்றையும் இரண்டாக எழுதுகிற பழக்கத்தில், அதே சங்கதியை இன்னொரு தடவை எழுதினாள், இந்தத் தடவை வேறு மாதிரி, பெரிய எழுத்தில், ஒருத்தர் உரக்கப் படித்துக் காட்ட வசதியாக. இரண்டாவதாக எழுதுவது எப்போதும் இன்னும் அழகாக வரும், இதுவும் வந்தது.

மூன்று பத்துக்கு மேம் தாள்களை வாங்கினார். மற்ற எட்டுப் பேரும் எப்படி எழுதினே, நீ எப்படி எழுதினே என்று பேசிக்கொண்டே வெளியே போனார்கள். மஞ்சரியின் தாளை மேம் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்த பிறகும் கண் தாளிலேயே இருந்தது. மின்விசிறி டக்கென்றது, மறுபடி டக்கென்றது. வேறு தாள் தருகிறேன், இன்னும் பத்து நிமிஷம் எடுத்துக்கொள், யாருக்கும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். வேண்டாம் என்று மஞ்சரி தலையாட்டினாள். மேம் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, கிழிப்பார் என்று நினைத்தாள். நான்காக மடித்துக் கைப்பையின் பக்க அறையில் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு உட்கார்ந்து பட்டியலை எடுத்தார், முப்பத்தேழுக்கு எதிரே இருந்த சாய்கோட்டுக்கு இன்னொரு கால் போட்டார், நடுவில் ஒரு குச்சி. குச்சி கொஞ்சம் கோணலாக விழுந்தது. “நீ இன்னிக்கு வரல மஞ்சரி” என்றார். குரல் உடைந்திருந்தது, மிரட்டுகிறவர் குரல் அப்படி இருக்காது. “சரி மேம்” என்று மஞ்சரி சொன்னாள், இந்தத் தடவை காதுக்குள் சரிபார்க்கத் தோன்றவில்லை. வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. நத்தம் பஸ் மூன்றே முக்காலுக்கு. அடிஷனல் ஷீட் கைக்குள் வியர்வையில் நமுத்துக்கொண்டிருந்தது, மை கரைந்துவிடுமோ என்று பயந்து பிரித்துப் பார்த்தாள், கரையவில்லை. ‘லூர்து அக்காவுக்கு, மஞ்சரி எழுதுவது. சாப்டீங்களா? அன்றைக்குச் சீட்டில் அவள் பெயர் இல்லை அக்கா. நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்.’